ஒரு தலையசைப்பின் இரண்டு பிரதிகள்

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பார்கள்.
சோஃபியா செய்திப்பட நிலையத்தில், இரண்டாம் மாடியில்,
வெப்பக்குழாய் ஓயாமல் விக்கும் அறையில்
என் கத்தரிக்கு எப்போதும் துண்டு மூன்று.
ஒன்று உள்ளூருக்கு.
ஒன்று வெளிநாட்டுக்கு.
மூன்றாவது தரைக்கு.
மாலையில் பெருக்க வருகிறவள் அதை அள்ளி
எடைபோட்டு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வாள்.

அணைக்காகக் காலி செய்த ஊரின் பெயர் கமென்டோல்.
எட்டு நாள் படப்பிடிப்பு, பத்தொன்பது பெட்டிச் சுருள்.
"விளக்குகள் வருகின்றன" என்ற தலைப்பு
ஊர் கிடைப்பதற்கு முன்பே தட்டச்சாகி வந்திருந்தது.
விளக்கவுரை வாசித்தவர் த்ராகோமிர், வானொலி நாடக நடிகர்.
அணை என்று ஓரிடத்திலும் சொல்லமாட்டார்.
"நாளை" என்பார்.
நாளை எழுகிறது, நாளை நிரம்புகிறது,
நாளையின் உயரம் எண்பத்திரண்டு மீட்டர்.

எங்கள் நாட்டில் ஒன்று உண்டு,
வந்துபோகிறவர்கள் குழம்புவார்கள்:
ஆமென்றால் தலையை இடவலமாய் ஆட்டுவோம்.
இல்லையென்றால் மோவாயை மேலே வெட்டி
நாக்கால் ஒரு ச்சு.

பதினொன்றாம் பெட்டியில் நெவெனா வருகிறாள்.
நாற்பது வயதிருக்கும். முழங்கைவரை மாவு.
சட்டகத்துக்கு வெளியிலிருந்து ஒரு குரல்:
"புதுக் குடியிருப்புக்கு மனமுவந்து போகிறீர்களா?"
மோவாய் மேலே போகிறது. ச்சு.
மறுபடி கேட்கிறான். மறுபடி மோவாய். மறுபடி ச்சு.
மூன்றாம் முறை காமிராவையே பார்த்துச் சொல்கிறாள்,
மாட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்டவனைப் பார்ப்பதுபோல்.

வெளிநாட்டுப் பிரதியில் அவள் முகத்தை நான் தொடவேயில்லை.
நம்புங்கள், ஒரு சட்டகம்கூடக் குறையவில்லை.
ஒலிநாடாவில் மட்டும் மூன்று ச்சு நறுக்கினேன்,
கட்டைவிரல் நகத்தளவு ஒவ்வொன்றும்.
அந்தக் குழிகளைக் குழலிசை நிரப்பியது.

ஏதோ ஒரு கடற்கரை நகரத்துத் திரைவிழாவில்
எழுநூறு பேர் பார்த்தார்கள்:
மாவுக் கையோடு ஒருத்தி
ஆம் என்கிறாள், ஆம், ஆம்.
நிலையத்துக்கு வெண்கலப் பதக்கம்.
எனக்கு ஒரு குளிர்காலக் கோட்டு.

உள்ளூர்ப் பிரதிதான் வேலை வாங்கியது.
எங்கள் ஆட்களுக்கு இல்லை என்றால் என்னவென்று தெரியும்.
ஏழாம் பெட்டியில், "இது உங்கள் வீடுதானே?" என்றதற்கு
நெவெனா இடவலமாய்த் தலையாட்டியிருந்தாள்,
கொஞ்சம் பெருமையாகவே.
அந்தப் பதிலைக் கொண்டுவந்து இந்தக் கேள்வியில் ஒட்டினேன்.
அங்கே வெயில், இங்கே மேகம்.
யார் வானத்தைப் பார்க்கப்போகிறார்கள்?
நல்ல ஒட்டு. இன்றைக்கும் சொல்வேன், நல்ல ஒட்டு.
வீடு என்னுடையது என்ற பெண்
அதே தலையால்
வீட்டை விட்டுப் போகிறேன் என்றாள்.

மார்ச் மாதம், புதுக் குடியிருப்பின் கலைமன்றத்தில் திரையிட்டோம்.
சுண்ணாம்பு உலராத சுவர்கள், ஈரக் கோட்டுகளின் வாடை.
மூன்றாம் வரிசையில் அவள்.
திரையில் கேள்வி வந்தது. திரையில் அவள் தலை அசைந்தது.
இருட்டில்
ச்சு.

பின்வரிசையில் இன்னொன்று.
அப்புறம் ஈர விறகில் தீப்பிடித்ததுபோல்
அங்கொன்று, இங்கொன்று, சேர்ந்தாற்போல் நான்கைந்து.
படமோட்டி பயந்துபோய்க் குழலிசையைக் கூட்டினான்.
யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் கத்தவில்லை.
அறிக்கையில் எழுதும்படி
எதுவும் நடக்கவில்லை.

வெளியே பனிச்சேறு.
வட்டாரச் செயலாளர் சிகரெட்டை நீட்டினார்.
"மக்கள் ரசித்தார்கள், இல்லையா தோழர்?"
நான் தலையசைத்தேன்.

எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.

அந்த மூன்று துண்டு நாடா மட்டும்
தரைக்கும் போகவில்லை, எடைக்கும் போகவில்லை.
பொத்தான் டப்பாவில் கிடக்கின்றன.
கோட்டில் ஏதாவது அறுந்தால் டப்பாவைத் திறப்பேன்,
விரலில் அவை தட்டுப்படும், மூடிவிடுவேன்.
இரண்டு குளிர்காலமாகக்
கழுத்துப் பொத்தான் இல்லாமல்தான் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.